பலூன் துப்பாக்கியும் பத்து மீட்டர் ரைஃபிளும்

மெரினாவுக்குப் போனவங்க எல்லாருக்கும் அந்தக் கடை தெரியும். ஒரு தட்டி, அதுல வரிசையா பலூன், முன்னாடி மேசை, மேசை மேல ரெண்டு துப்பாக்கி. நடுவுல மடக்கி, பேரல் வாயில பெல்லட்டைத் திணிச்சு, தோள்ல வச்சு சுடணும். பத்து சுட்டா நாலு வெடிக்கும். மிச்ச ஆறுக்கு நம்ம கையைத்தான் குறை சொல்லிட்டு வருவோம். (கடைக்காரர் சைட்டை வளைச்சு வச்சிருப்பார்னு ஒரு குற்றச்சாட்டு காலங்காலமா உண்டு. இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல!)

அந்த பலூன் துப்பாக்கிக்கும் ஒலிம்பிக்ஸ்ல சுடுற ரைஃபிளுக்கும் வம்சம் ஒண்ணுதான். இதைப் பத்தி நான் படிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஒரு நண்பர். ஒரகடத்துல ஒரே ஷிப்ட், குன்றத்தூர்ல ரெண்டு தெரு தள்ளி வீடு, கம்பெனி பஸ்ல பக்கத்து சீட்டு. அவர் பொண்ணு ஒன்பதாவது படிக்குது. என்.சி.சி. கேம்ப்ல பாயின்ட் டூ டூ ரைஃபிளை ஒரு தடவை சுட்டதிலேருந்து வேற பேச்சே இல்லையாம்.

"அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஜெர்மன் ஏர் ரைஃபிள் ஒண்ணு வருது. ஒண்ணேமுக்கால் லட்சம். பர்சனல் லோன் போட்டுடலாம்னு இருக்கேன். இல்லேன்னா பார்ட் பார்ட்டா வாங்கி நாமளே சேர்த்துடலாமா? நீங்க டூல் ரூம் ஆளாச்சே!"

டூல் ரூம் ஆளுங்கிறதாலதான் பயந்தேன். லேத்தும் மில்லிங் மெஷினும் பக்கத்துல இருக்கிறவனுக்கு எதையும் செஞ்சு பாக்கலாம்னு தோணும். ஆனா இந்த விஷயத்துல அப்படி இறங்கக் கூடாது. ஏன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

துப்பாக்கி யார் கையில இருந்தது?

1878-ல லிட்டன் பிரபு காலத்துல ஆயுதச் சட்டம் வந்துச்சு. இந்தியன் துப்பாக்கி வச்சிருக்கணும்னா லைசென்ஸ் வேணும், ஐரோப்பியருக்கு வேண்டாம். முதல் உலகப் போர் முடிஞ்ச பிறகுதான் இந்தப் பாகுபாட்டை விதிகள்லேருந்து எடுத்தாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் 1959-ல புதுச் சட்டம் வந்து, 1962 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அதுதான். லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி செய்யறது அதுல பெரிய குற்றம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம். அமெரிக்காவுல பேரல் ஒரு கடையில, ஆக்‌ஷன் ஒரு கடையில வாங்கி வீட்டு மேசையில வச்சு மாட்டுறாங்கன்னு வீடியோ பாத்துட்டு நாம கிளம்பக் கூடாது.

அப்ப விளையாட்டா சுட்டது யாரு? பெரும்பாலும் அரண்மனைக்காரங்க. தேசிய ரைஃபிள் சங்கம் 1951-ல ஆரம்பிச்சது, மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கர்தான் அதுக்கும் முதல் தலைவர். 1962 கெய்ரோ உலகப் போட்டியில டிராப் பிரிவுல வெள்ளி வாங்கின கர்ணி சிங், பிகானேர் மகாராஜா. நம்ம பக்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல டிராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமானும் புதுக்கோட்டை அரச குடும்பம்தான். அவங்க திறமையைக் குறை சொல்லல. தோட்டா விலை, லைசென்ஸ், மைதானம் எல்லாம் சேர்ந்தா சாதாரண வீட்டுப் பிள்ளை எப்படி உள்ளே வரும்?

அந்தக் கதவைத் திறந்து விட்டது ஏர் ரைஃபிள். குறிப்பிட்ட சக்திக்குள்ள இருக்கிற காத்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். 2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ. பேரல், 20 ஜூலுக்குள்ள சக்தி. பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு ஹால் இருந்தா போதும். பெல்லட் விலை தோட்டாவோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லை.

காத்தை அடைச்சு வச்ச கதை

காத்துத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் இல்லைங்க. 1780 வாக்கில ஆஸ்திரிய ராணுவமே வச்சிருந்துச்சு, ஜிராண்டோனிங்கிறவர் செஞ்சது. கட்டையே காத்துக் குடுவை, அதை நிரப்ப ஏறக்குறைய 1,500 தடவை பம்ப் அடிக்கணும். சுடறதுக்கு முன்னாடியே சிப்பாய்க்குக் கை கழண்டுடும். அந்த வழி அங்கேயே நின்னு போச்சு.

அடுத்து ஸ்பிரிங். பேரலை மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அமுங்கும். டிரிகரை இழுத்தா பிஸ்டன் பாய்ஞ்சு காத்தை அழுத்தும், பெல்லட் கிளம்பும். 1905 வாக்கில பர்மிங்ஹாம்ல பி.எஸ்.ஏ. கம்பெனி, லிங்கன் ஜெஃப்ரிஸோட வடிவமைப்புல ஸ்பிரிங் வச்ச ஒரு நல்ல ரைஃபிளைச் செஞ்சது. மெரினா துப்பாக்கி இந்தக் குடும்பத்தோட கடைசிப் பேத்தி.

ஸ்பிரிங்கில ஒரு கோளாறு. கனமான பிஸ்டன் முன்னாடி பாய்ஞ்சு போய் இடிக்கும். பெல்லட் பேரலை விட்டு வெளியே வர்றதுக்குள்ளேயே துப்பாக்கி குலுங்கிடும். நீங்க எவ்வளவு அசையாம நின்னாலும் துப்பாக்கி அசைஞ்சுடும். பலூன் தப்புறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுக்குத் தீர்வு தோத்துப்போன ஒரு ஊர்லேருந்து வந்துச்சு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஜெர்மனியில துப்பாக்கி செய்யத் தடை. ஓபர்ண்டார்ஃப்ல இருந்த மௌசர் ஆலையைப் பிரிச்சு எடுத்துட்டாங்க. அதுல வேலை பாத்த வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர்னு ரெண்டு பொறியாளர்கள் 1940-களின் கடைசியில ஆரம்பிச்சதுதான் ஃபைன்வெர்க்பாவ். 1961-ல அவங்க 150-ங்கிற மாடலைக் கொண்டு வந்தாங்க. சுட்ட உடனே ஆக்‌ஷன் முழுசும் தண்டவாளத்துல வழுக்கி நகரும். குலுக்கல் தோளுக்கு வராது. 1974-ல வால்தர் எல்.ஜி.ஆர். ஸ்பிரிங்கையே தூக்கிப் போட்டுச்சு. பக்கத்துல ஒரு நெம்புகோல், ஒரே ஒரு தடவை இழுத்தா காத்து அமுங்கி நிக்கும். 1984-ல ஃபைன்வெர்க்பாவ் 600-ம் அதே வழி. அந்த வருஷம்தான் லாஸ் ஏஞ்சல்ஸ்ல பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் முதல் தடவையா ஒலிம்பிக்ஸுக்குள்ள வந்துச்சு.

அப்புறம் கார்பன் டை ஆக்ஸைடு வந்துச்சு. வெயில் ஏறினா அழுத்தம் மாறும். நம்ம ஊர் மே மாசத்துக்கு யோசிச்சுப் பாருங்க. 1990-கள்ல 200 பார் அழுத்தத்துல காத்தை அடைச்ச சிலிண்டர் வந்து நிலைச்சுது. கார் டயர்ல இருக்கிறது ரெண்டு பார் சொச்சம்தான்.

நெம்புகோல்லேருந்து சிலிண்டருக்கு வந்ததுல கிடைச்சது முக்கியமா சௌகரியம். ஒரு போட்டிக்கு 60 ஷாட், ஒவ்வொண்ணுக்கும் நெம்புகோல் இழுத்தா தோள் வலிக்கும். ஆனா அந்தப் பழைய நெம்புகோல் ரைஃபிள் நல்ல நிலையில இருந்தா, குறியில இன்னிக்கும் புதுசுக்கு அதிகம் சளைச்சதில்லை. ஆரம்பத்துல இருக்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

பேரலும் பெல்லட்டும்

பத்து மீட்டர்ல வைக்கிற அட்டையில நடுப்புள்ளி, அதாவது பத்து, எவ்வளவு பெரிசு தெரியுமா? விட்டம் அரை மில்லிமீட்டர். பேனாவால வைக்கிற முற்றுப்புள்ளி. 2013-லேருந்து தகுதிச் சுற்றுலயே அந்தப் பத்தையும் 10.0-லேருந்து 10.9 வரைக்கும் கூறு போட்டு எண்ணுறாங்க.

அதனால நல்ல பேரலுக்குக் காசு கொடுக்கத்தான் வேணும். ஆனா அதோட பாதி வேலை பெல்லட் கையில. 4.5-னு டப்பாவுல போட்டிருந்தாலும் 4.49, 4.50, 4.51-னு தலை அளவு பிரிச்சு விக்கிறாங்க. நூறுல ஒரு பங்கு மில்லிமீட்டர்! நாங்க ஷாஃப்டுக்கு ஃபிட் பாக்குற அதே சமாச்சாரம். எந்த அளவு எந்த பேரலுக்குப் பொருந்தும்னு கேட்டலாக்ல இருக்காது. ரைஃபிளை அசையாம கிளாம்ப்ல பிடிச்சு, ஒவ்வொரு டப்பாவுலேருந்தும் பத்து சுட்டு, எது ஒரே ஓட்டையா விழுதோ அதை வாங்கணும். சில ஆயிரம் ரூபா பெல்லட்டுல கிடைக்கிற பலன், பல சமயம் லட்ச ரூபா ரைஃபிளை மாத்தினாலும் கிடைக்காது.

கண்ணும் கட்டையும்

எங்க ஊர்ல பிறந்த சேக்கிழார் பாடின கண்ணப்பர் கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு கண்ணைக் கொடுத்தாச்சு, ரெண்டாவதையும் எடுக்கப் போறார். எடுத்துட்டா இடம் தெரியாதே? அதனால சாமி கண் மேல காலை ஊன்றி அடையாளம் வச்சுக்கிட்டார். வேடன் இல்லையா, குறி தப்பக் கூடாதுன்னு அப்பவும் யோசிச்சிருக்கார்!

ரைஃபிள்ல பின் சைட்டும் முன் சைட்டும் செய்யறது அந்த வேலையைத்தான். பின்னாடி ஒரு பொட்டு ஓட்டை, முன்னாடி ஒரு வளையம், வளையத்துக்குள்ள கறுப்பு வட்டம். மூணும் ஒரே மையத்துல நிக்கணும். 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா, ஃபைனலுக்கு முன்னாடி சோதனைக்குச் சுட்டப்போ குண்டு எங்கேயோ போச்சு. சைட் நகர்ந்திருக்கு. பதறாம கிளிக் கிளிக்னு திருகி சரி பண்ணிட்டு, கடைசி ஷாட்ல 10.8 அடிச்சார். மொத்தம் 700.5, இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம். அவர் வீட்டுலேயே ரேஞ்ச் கட்டிக் கொடுக்க முடிஞ்ச குடும்பம்தான், மறுக்கல. ஆனா அந்த நிமிஷத்துல கை கொடுத்தது, எத்தனை கிளிக்குக்கு எவ்வளவு நகரும்னு விரல்ல ஏறியிருந்த பழக்கம்.

கட்டை விஷயமும் இதேதான். ரைஃபிள் 5.5 கிலோ வரைக்கும் இருக்கலாம்னு விதி. ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு அது மூட்டை. கன்னம் படுற இடம், தோள்ல பதியிற பட் பிளேட், கை பிடிக்கிற இடம் மூணும் நகர்த்தி வைக்கிற மாதிரி இருந்தா போதும், பழைய மரக்கட்டையா இருந்தாலும் பரவாயில்லை. "பார்ட் பார்ட்டா" பண்ணணும்னு ஆசையா? இங்க பண்ணலாம். சைட் மாத்தலாம், பட் பிளேட் மாத்தலாம். ஸ்பிரிங்கைக் கூட்டி சக்தியை ஏத்துறதும், பேரல்ல கை வைக்கிறதும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அந்த ஒண்ணேமுக்கால் லட்சம்

ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போய்ப் பாத்தோம். பளபளன்னு இருந்துச்சு ரைஃபிள். நண்பர் முகத்துல ஏற்கெனவே இ.எம்.ஐ. கட்ட ஆரம்பிச்சுட்ட களை. நான் சிலிண்டரைக் கழட்டித் தரச் சொல்லி, அடிச்சிருந்த தேதியைப் பாத்தேன். இந்த மாதிரி சிலிண்டருக்குப் பொதுவா பத்து வருஷம்தான் ஆயுள்னு செஞ்சவங்களே சொல்றாங்க. போட்டியில தேதி தாண்டாம பாத்துக்கறது சுடறவர் பொறுப்பு. இது தாண்டி நாலு வருஷம் ஆச்சு. 200 பார், ஒரு குழந்தையோட கன்னத்துக்குப் பக்கத்துல. விக்கிறவர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்"னார். ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்துட்டோம்.

பஸ்ல வரும்போது நண்பர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "ககன் நாரங் அப்பா நிலத்தை வித்து ரைஃபிள் வாங்கிக் கொடுத்தாராமே?"ன்னு கேட்டார். ஆமா, பத்திரிகைகள்ல வந்ததுதான். சென்னையில பிறந்து ஹைதராபாத்ல வளர்ந்த நாரங் 2012 லண்டன்ல வெண்கலம் வாங்கினார். ஆனா கதை அங்க முடியல. அவர் ஆரம்பிச்ச பயிற்சி மையத்துலதான், கடலூர்ல பிறந்து அகமதாபாத்ல வளர்ந்த இளவேனில் வாலறிவன் பயிற்சி எடுத்தாங்க. 2019-ல ரியோ உலகக் கோப்பையில தங்கம், அப்புறம் டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக்ஸ். ஒரு அப்பா நிலத்தை வித்தார், அடுத்த தலைமுறைக்கு ஒரு ரேஞ்சே கிடைச்சுது.

"அப்ப நாம எதை விக்கணும்?"னு சிரிச்சார்.

இப்போதைக்கு எதையும் இல்லை. வேளச்சேரி குருநானக் காலேஜ்ல ரேஞ்ச் இருக்கு, 2024 கேலோ இந்தியா போட்டியில துப்பாக்கிச் சுடுதல் அங்கதான் நடந்துச்சு. சென்னையில கிளப்புகளும் இருக்கு. முதல்ல ஒரு வருஷம் கிளப் ரைஃபிள்ல சுடட்டும். காசு கொடுக்க வேண்டிய வரிசை இதுதான்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுத்தேன்: கோச் ஃபீஸ், பெல்லட், அளவான ஜாக்கெட், அப்புறம் சைட், எல்லாத்துக்கும் கடைசியா ரைஃபிள். அதுவும் நெம்புகோல் வச்ச பழசு நல்லதா கிடைச்சா அதுவே போதும்.

லோன் அப்ளிகேஷனை அவர் கிழிச்சுப் போடல, மடிச்சு பீரோவுல வச்சிருக்காராம். பொண்ணு இப்போ வாரம் ரெண்டு நாள் ரேஞ்சுக்குப் போகுது. போன வாரம் சுட்ட அட்டையை பஸ்ல கொண்டு வந்து காட்டினார். பத்துல ஒண்ணே ஒண்ணுதான் அந்தப் புள்ளியில. மிச்சமெல்லாம் சுத்தி. ஆனா எல்லாம் ஒரே பக்கமா, கூட்டமா விழுந்திருந்துச்சு.

அதுதான் முக்கியம்ங்க. கூட்டத்தை நகர்த்த நாலு கிளிக் போதும்.

பி.கு.: லைசென்ஸ் வேண்டாம்ங்கிறதால ஏர் ரைஃபிள் பொம்மை ஆயிடாது. மொட்டை மாடியில காக்கா சுடறதுக்கு இல்லை. வாங்கறதுக்கு முன்னாடி கிளப்புலயும், சந்தேகம் இருந்தா போலீஸ் ஸ்டேஷன்லயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.