பவளத் தொட்டியில் பாஸ்பேட்: பூச்சியம் ஏன் இலக்காகாது

வீட்டில் பவளம் வளர்ப்போரிடையே நெடுங்காலமாக ஒரு கொள்கை நிலவுகிறது: தொட்டி நீரின் பாஸ்பேட்டை இயன்றவரை பூச்சியத்துக்கு இறக்க வேண்டும். இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் ஒரு சிறு பவளத் திட்டுக்கு நைட்ரஜனும் பாஸ்பேட்டும் தொடர்ந்து ஊட்டிப் பார்த்த கின்சியும் டேவிஸும், சுண்ணம் படிவது பாதிக்கு மேல் குறைந்ததாக 1979இல் எழுதினர். அக்ரோபோரா மியூரிகேட்டா பவளத்தைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமானது. பாஸ்பேட் கூடியபோது கிளைகள் வேகமாக நீண்டன. எலும்புக்கூட்டின் அடர்த்தியோ குறைந்தது. கிளை நீள்வதை மட்டும் பார்த்து நிறைவடைபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆயினும், மிகுதி கேடு என்பதிலிருந்து இன்மை நலம் என்று முடிவுகட்ட முடியாது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வீடென்மானும் குழுவினரும் 2013இல் காட்டியது இதன் மறுபக்கம். நைட்ரஜன் ஏராளமாக இருக்கப் பாஸ்பரஸ் பற்றாக்குறையானால், பவளத்துள் வாழும் பாசிகள் தம் சவ்வுகளில் பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகக் கொழுப்பைச் சேர்க்கின்றன. அத்தகைய பவளம் வெப்பத்துக்கும் ஒளிக்கும் எளிதில் வெளிறுகிறது. நைட்ரேட்டைக் கவனியாமல் இரும்பு ஆக்சைடு குருணையைக் கொட்டிப் பாஸ்பேட்டை மட்டும் உறிஞ்சுபவர் அதே நிலையைத் தம் தொட்டியில் உண்டாக்குகிறார் என்றே நான் கருதுகிறேன்.

பிழையின் வேர், அளவியில் தெரியும் எண்ணையே தொட்டியின் பாஸ்பேட் என்று கொள்வதில் இருக்கிறது. ஒரு கணக்கு போதும். 200 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.1 மி.கி. இருந்தால், நீர் முழுவதிலும் உள்ளது 20 மி.கி. மட்டுமே. ஒரு சதவீதம் பாஸ்பரஸ் உள்ள உலர் தீனியை நாளொன்றுக்கு 2 கிராம் போட்டால், அது பாஸ்பேட் கணக்கில் ஏறத்தாழ 61 மி.கி. அதாவது நீரில் இருப்பதைப்போல் மும்மடங்கு ஒரே நாளில் உள்ளே வருகிறது. பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் வெளியேறுவதோ வெறும் 2 மி.கி. வந்ததில் பெரும்பகுதியை மீனும் பாசியும் பாக்டீரியாவும் எடுத்துக்கொள்கின்றன. கொஞ்சம் கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மர் கருவியில் போகிறது. அளவி காட்டுவது இத்தனைக்கும் பிறகு எஞ்சிய மிச்சம்.

பாறையும் மணலும் இதில் சேர்கின்றன. அவற்றிலுள்ள அரகோனைட் எனும் சுண்ணக் கனிமத்தின் மேற்பரப்பு பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும். நீரில் அளவு தாழ்ந்தால் திரும்ப விடும். குருணை போட்ட சில நாளில் எண் மீண்டும் ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். குருணை கெட்டுவிட்டதென்று எண்ணி உடனே இரட்டிப்பாக்குவதுதான் ஆபத்து: பாறையின் இருப்பு தீரும் நாளில் நீர் திடீரென வெறுமையாகும்.

அளவிக்கும் எல்லை உண்டு. ஹன்னா நிறுவனத்தின் குறையளவு ஒளிமானி நூறு கோடியில் 5 பங்கு பாஸ்பரஸ் வரை பிழை காட்டலாம்; பாஸ்பேட்டாக மாற்ற 3.07ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 0.015 மி.கி. பாஸ்பேட். திறந்த கடலின் பவளப்பாறைகளில் இருப்பதே ஏறத்தாழ அவ்வளவுதான். குப்பியில் படிந்த விரல்ரேகையோ கரையாத மருந்துத் தூளோ இதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ஆகவே ஒற்றை அளவீட்டில் வந்த பூச்சியத்துக்குப் பொருள் மிகக் குறைவு.

லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மி.கி. வரையிலான நிலையான அளவை நான் பரிந்துரைக்கிறேன். குறைக்க வேண்டுமானால் முதலில் தீனியில் கைவைக்க வேண்டும்; பிறகே குருணை, அதுவும் சிறிதளவாக. ஒவ்வொரு முறையும் நைட்ரேட்டையும் உடன் அளந்து, இரண்டையும் ஒரே தாளில் குறித்துவர வேண்டும்.