மார்த்தாளும் மரியாளும்: கிறிஸ்தவ வாழ்வில் பணியும் தியானமும்

மார்த்தாளும் மரியாளும் புதிய ஏற்பாட்டில் வரும் சகோதரிகள். எருசலேமுக்கு அருகிலுள்ள பெத்தானியாவைச் சேர்ந்தவர்கள், லாசருவுடன் பிறந்தவர்கள். கத்தோலிக்க மொழிபெயர்ப்புகளில் மார்த்தா, மரியா என வழங்கும் இவர்களைப் பற்றி லூக்கா நற்செய்தி ஐந்தே வசனங்களில் (10:38–42) ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. ஊழியம் முதலா, ஜெபம் முதலா என்று கிறிஸ்தவர்கள் நடத்திவரும் நெடிய விவாதம் பெரும்பாலும் இந்த ஐந்து வசனங்களைச் சுற்றியே நடந்திருக்கிறது. மார்த்தாள் பணிவாழ்வுக்கும் மரியாள் தியான வாழ்வுக்கும் அடையாளமானார்கள். தமிழ்ப் பிரசங்கங்களில் ஒருவரை மார்த்தாளைப்போல என்று சொன்னாலே போதும், சபையாருக்கு விளங்கிவிடும்.

நிகழ்ச்சி

பயணவழியில் ஒரு கிராமத்துக்கு வரும் இயேசுவை மார்த்தாள் தன் வீட்டில் ஏற்றுக்கொள்கிறாள். மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்கிறாள். மார்த்தாளுக்கோ கை நிறைய வேலை. பொறுக்க முடியாமல் விருந்தாளியிடமே வந்து முறையிடுகிறாள்: இவள் என்னைத் தனியே விட்டுவிட்டாளே, உமக்கு அது பெரிதாகத் தெரியவில்லையா, எனக்கு உதவச் சொல்லும் என்கிறாள். இயேசு அவள் பெயரை இருமுறை சொல்லி அழைத்து, பலவற்றைக் குறித்து அவள் கலங்குவதைச் சுட்டுகிறார். தேவைப்படுவது ஒன்றே என்றும், மரியாள் தேர்ந்துகொண்டதை அவளிடமிருந்து யாரும் பறிக்கப்போவதில்லை என்றும் சொல்கிறார். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. மார்த்தாள் உட்கார்ந்தாளா, மரியாள் எழுந்து கைகொடுத்தாளா, அன்று சாப்பாடு எப்போது ஆயிற்று என்று லூக்கா எழுதவில்லை.

இந்த நிகழ்ச்சி வரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். இதற்குச் சற்று முன்தான் நல்ல சமாரியன் உவமை வருகிறது. அது, நீயும் போய் அப்படியே செய் என்ற கட்டளையோடு முடிகிறது. இதை அடுத்து 11ஆம் அதிகாரம், சீடர்களுக்கு இயேசு ஜெபம் கற்றுக்கொடுப்பதோடு தொடங்குகிறது. அடிபட்டவனின் காயம் கட்டுவதற்கும் பரமண்டல ஜெபத்துக்கும் நடுவில் பெத்தானியா வீடு இருக்கிறது. முன்னும் பின்னும் வாசிக்காமல் இந்த ஐந்து வசனங்களை மட்டும் கத்தரித்து எடுத்து, வேலை செய்கிறவர்களைக் கண்டிக்கப் பயன்படுத்துவது லூக்காவுக்குச் செய்யும் அநியாயம். மார்த்தாள் சமைத்ததற்காகக் கண்டிக்கப்படவில்லை. அவள் மனம் சிதறியது. அந்தச் சிதறலில் தன் வேலையைச் சகோதரியின் அமைதியோடு ஒப்பிட்டுக் குறை சொன்னாள். இயேசுவின் பதில் அதற்குத்தான்.

யோவான் நற்செய்தி அவளுக்கு இன்னும் இரண்டு காட்சிகள் தருகிறது. 11ஆம் அதிகாரத்தில் லாசரு இறந்தபின் ஊருக்கு வெளியே வந்து இயேசுவை எதிர்கொள்கிறவள் மார்த்தாள். அவரே கிறிஸ்து என்ற அறிக்கையும் அவள் வாயிலிருந்தே வருகிறது. மரியாள் அப்போது வீட்டில் இருக்கிறாள். 12ஆம் அதிகார விருந்தில் மார்த்தாள் மறுபடியும் பரிமாறுகிறாள். முறையீடு எதுவும் இல்லை. அதே விருந்தில்தான் மரியாள் விலையுயர்ந்த நளதத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசுகிறாள்.

தொடக்க கால விளக்கங்கள்

3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் தம் லூக்கா உரைகளில் மார்த்தாளைச் செயலுக்கும் மரியாளைத் தியானத்துக்கும் குறியீடாக எடுத்துக்கொண்டார். அகுஸ்தீன் இருவரையும் இம்மை, மறுமை என்ற இரண்டு காலங்களாகப் பார்த்தார்: பசியும் நோயும் இருக்கும்வரை மார்த்தாளின் வேலை உண்டு, அவை ஒழிந்த மறுமையில் மரியாளின் பங்கு மட்டும் நிலைக்கும். ஆனாலும் அவர் ஹிப்போ நகரின் ஆயர்; வழக்கு விசாரிப்பதிலும் ஏழைகளைப் பராமரிப்பதிலும் நாள் கழிந்தது. ‘கடவுளின் நகர்’ நூலின் 19ஆம் புத்தகத்தில், அயலானின் தேவையை மறக்கும் அளவுக்கு யாரும் ஓய்வில் இருக்கலாகாது, கடவுளைத் தேடாத அளவுக்கு யாரும் வேலையில் மூழ்கலாகாது என்ற கருத்தை முன்வைத்தார். 590இல் திருத்தந்தையான பெரிய கிரகோரி, தம் குடும்ப வீட்டையே மடமாக்கி அதில் வாழ்ந்தவர். கொள்ளைநோயும் லொம்பார்டியர் படையெடுப்பும் ரோமாபுரியை வாட்டிய காலத்தில் பதவி ஏற்றார். இழந்துபோன மடத்து அமைதிக்காக அவர் கடைசிவரை ஏங்கினார். ஏங்கிக்கொண்டே நகரத்து ஏழைகளுக்கு உணவும் அளித்தார்.

எகிப்திலும் சீனாய் மலையிலும் வாழ்ந்த பாலைவனத் துறவிகளின் கதைகளில் ஒன்று, மேற்கண்ட எல்லா உரைகளையும்விட நேரடியானது. சீனாயில் சில்வானுஸ் என்ற மூத்த துறவியைப் பார்க்க ஒரு சகோதரர் வருகிறார். அங்குள்ளவர்கள் கையால் உழைப்பதைக் கண்டு, அழிந்துபோகும் உணவுக்காக ஏன் பாடுபடுகிறீர்கள், மரியாள் நல்லதைத் தேர்ந்துகொண்டாளே என்கிறார். சில்வானுஸ் மறுத்துப் பேசவில்லை. அவருக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்து, தனி அறையில் இருத்தும்படி சீடனிடம் சொல்கிறார். ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் மூன்று மணி ஆகிறது. அது சாப்பாட்டு நேரம். வந்தவர் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார், யாரும் கூப்பிடவில்லை. எழுந்து வந்து, இன்று யாரும் சாப்பிடவில்லையா என்று கேட்கிறார். எல்லோரும் சாப்பிட்டாயிற்று, நீங்கள் ஆவிக்குரியவர், உங்களுக்கு இந்த உணவு எதற்கு, நாங்கள் உடம்போடு இருப்பவர்கள், அதனால் உழைக்கிறோம் என்கிறார் சில்வானுஸ். வந்தவர் மன்னிப்புக் கேட்டபிறகு, மரியாளுக்கும் மார்த்தாள் தேவை, மார்த்தாளால்தான் மரியாள் புகழ் பெறுகிறாள் என்று அவருக்கு எடுத்துச் சொல்கிறார். மரியாள் அமைதியாக உட்கார்ந்திருந்த நேரத்தில் உலை வைத்தது யார் என்ற கேள்வியை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்ட விளக்கம் பழைய உரைகளில் அரிது.

பெனடிக்டின் அடுக்களை

நூர்சியா பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதிய மட ஒழுங்கு, அந்தக் கேள்விக்கு நடைமுறையில் பதில் சொன்னது. ‘ஜெபி, உழை’ என்பது அவருடைய முழக்கமாகப் பரவியிருந்தாலும் அந்தத் தொடர் ஒழுங்கு நூலில் இல்லை, பிற்காலத்தில் வந்தது. நூலில் இருப்பது அதைவிட நுட்பமானது: ஒரு நாளின் கணக்கு. பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் கூடி ஜெபிக்க வேண்டும். கையுழைப்புக்கும் வாசிப்புக்கும் பருவத்துக்கு ஏற்ற மணிநேரங்கள் 48ஆம் அதிகாரத்தில் வகுக்கப்பட்டுள்ளன. தவக்காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் தரப்படும். முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். வழிபாட்டுக்கான அழைப்புக் கேட்டதும் கையிலுள்ளதை அப்படியே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

அடுக்களையைப் பற்றிய 35ஆம் அதிகாரம் இன்னும் விசேஷமானது. சமையல் வாரமுறைப்படி எல்லோர் மீதும் விழுகிறது. நோயாளிகளுக்கும் மடத்தின் முக்கியமான அலுவல் உள்ளவர்களுக்கும் மட்டுமே விலக்கு. வாரம் முடியும் சனிக்கிழமையில் முறை முடிகிறவர்கள் துண்டுகளைத் துவைக்க வேண்டும். முறை முடிகிறவரும் முறை ஏற்கிறவரும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவுகிறார்கள். பாத்திரங்களைத் துலக்கி, உடையாமல் சிதையாமல் உக்கிராணப் பொறுப்பாளரிடம் எண்ணி ஒப்படைக்கிறார்கள். பரிமாறுகிறவர்கள் முணுமுணுக்காமல் வேலை செய்ய, சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்பே அவர்களுக்குக் கொஞ்சம் ரொட்டியும் பானமும் கூடுதலாகத் தர வேண்டும். ஞாயிறு காலை வழிபாடு முடிந்ததும் இரண்டு அணியினரும் சிற்றாலயத்தில் எல்லோர் முன்னும் வணங்கி, தங்களுக்காக ஜெபிக்கக் கேட்டுக்கொள்கிறார்கள். 31ஆம் அதிகாரமோ, மடத்தின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பீடத்தின் புனிதப் பாத்திரங்களைப்போலவே நடத்த வேண்டும் என்று உக்கிராணப் பொறுப்பாளருக்குச் சொல்கிறது.

மார்த்தாளின் முறையீட்டுக்கு இதைவிட நல்ல பரிகாரத்தைத் திருச்சபை வரலாற்றில் காண்பது கடினம். பணியையும் தியானத்தையும் தனிமனிதரின் மனத்துக்குள் சமன்செய்துகொள்ளும்படி பெனடிக்ட் விட்டுவிடவில்லை. மணிநேரமாகவும் முறைமாற்றமாகவும் ஆக்கினார். யாரும் நிரந்தர மார்த்தாள் இல்லை.

அசிசி பிரான்சிஸ் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனிமைக் குடில்களுக்கு எழுதிய சிறிய ஒழுங்கும் இந்த வழியில் போகிறது. ஒரு குடிலில் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். இருவர் தாய்மார், மற்றவர்கள் பிள்ளைகள். தாய்மார் மார்த்தாளின் வாழ்வை நடத்தி, வெளியாட்கள் வந்து பிள்ளைகளின் அமைதியைக் கலைக்காமல் காக்க வேண்டும். பிள்ளைகள் மரியாளின் வாழ்வை நடத்துவார்கள். அவ்வப்போது பிள்ளைகள் தாய்மாராகி, தாய்மார் பிள்ளைகளாக வேண்டும். ஆண் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் தாய் என்ற சொல் தயக்கமின்றி வருகிறது.

அக்வினோ தோமா, தியானத்தில் பெற்றதைப் பிறருக்கு வழங்கும் வாழ்வை வெறும் தியானத்துக்கும் மேலாக வைத்தார். ஜெர்மானிய தொமினிக்கத் துறவி மைஸ்டர் எக்கார்ட் ஒரு மறையுரையில் வரிசையையே தலைகீழாக்கினார். அவர் பார்வையில் மரியாள் இன்னும் கற்கும் நிலையில் இருப்பவள். மார்த்தாள் முதிர்ந்தவள், வேலையின் நடுவிலும் நிலைகுலையாதவள். சகோதரி இனிய உணர்விலேயே தங்கிவிடுவாளோ என்ற அக்கறையில்தான் அவளை எழுப்பும்படி கேட்டாளாம். லூக்காவின் வாசகம் இந்த வாசிப்புக்கு அவ்வளவாக இடம்கொடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் நீண்டகாலம் தாழ்த்தப்பட்டிருந்த ஒருத்திக்கு அது மதிப்பைத் திருப்பித் தந்தது.

கார்மேல் சபையும் அதன் பாத்திரங்களும்

அவிலா தெரேசா பதினேழு மடங்களை நிறுவிய 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி. கடன், வழக்கு, வண்டிப் பயணம் எல்லாம் பார்த்தவர். 1577இல் எழுதிய ‘உள்ளக் கோட்டை’யின் ஏழாம் மாளிகையில், ஆன்மாவின் உச்சநிலையை விளக்கும் இடத்திலேயே, ஆண்டவரை உபசரிக்க மார்த்தாளும் மரியாளும் சேர்ந்தாக வேண்டும் என்கிறார். ஜெபத்தின் நோக்கமே நற்செயல்கள் பிறப்பதுதான் என்பது அவர் உறுதி.

நிக்கொலா ஹெர்மன் படைவீரராகக் காயம்பட்டுக் கால் ஊனமானவர். பாரிஸிலுள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்து சகோதரர் லாரன்ஸ் என்ற பெயர் பெற்றார். சமையல் வேலை இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காது. இருந்தும் பல ஆண்டுகள் அடுக்களையிலேயே இருந்தார். மடத்துக்குத் திராட்சை மது வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, நடக்க முடியாமல் படகில் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டே நகர்ந்தார் என்று அவரோடு உரையாடியவர் பதிவு செய்திருக்கிறார். ஜெப வேளையிலும் பாத்திரச் சத்தத்தின் நடுவிலும் ஒரே மனத்தோடு கடவுள் முன் இருக்கப் பழகினார். 1691இல் அவர் இறந்தபின் கடிதங்களும் உரையாடல்களும் நூலாகி, கத்தோலிக்கரைப்போலவே புராட்டஸ்டண்டு வாசகர்களிடமும் பரவின. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. மணியடித்தால் அவரும் வழிபாட்டுக்குப் போனார். வேலையே ஜெபம் என்று சொல்லித் தனி ஜெபத்தைக் கைவிட அவரைச் சாட்சியாக அழைக்க முடியாது.

மடத்துக்கு வெளியே

வின்சென்ட் தெ பவுலும் லூயிஸ் தெ மரியாக்கும் 1633இல் தொடங்கிய அன்புப் புதல்வியர் சபை, பெண் துறவியரை அடைப்பு மடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது. ஜெப நேரத்தில் நோயாளி அழைத்தால் எழுந்து போகலாம். அது கடவுளை விட்டுக் கடவுளிடமே போவது என்று வின்சென்ட் கற்பித்தார். இதற்கு முன்பே சீர்திருத்த சபைகளில் மடங்கள் மறைந்திருந்தன. லூத்தர் 1535இல் ஜெபிக்கும் முறையைப் பற்றிய சிறுநூலைத் தம் முடிதிருத்துநருக்காக எழுதினார். அமைதி நேரம், குடும்ப ஜெபம் என்று வீடுகளுக்குள் வந்த வழக்கம் அந்தத் திசையில் வளர்ந்தது.

மாஸ்கோவில் 1909இல் இரு சகோதரியரின் பெயரையே தாங்கிய ஒரு மடம் எழுந்தது. இளவரசி எலிசவெத்தா ஃபியோதரோவ்னாவின் கணவர் 1905இல் குண்டுவீச்சில் கொல்லப்பட்டிருந்தார். எலிசவெத்தா தம் நகைகளை விற்று மார்த்தா மரியா இரக்க மடத்தை நிறுவினார். ஒரே மதிலுக்குள் மருத்துவமனை, மருந்தகம், ஏழைகளுக்கான உணவுக்கூடம், ஆலயம். 1918இல் அலப்பாயெவ்ஸ்க் அருகே போல்ஷெவிக்குகள் அவரைச் சுரங்கக் குழியில் தள்ளிக் கொன்றனர். 1992இல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அன்னை தெரேசாவின் சபையில் 1973 முதல் தினமும் ஒரு மணிநேர நற்கருணை ஆராதனை கட்டாயமானது. சாகக் கிடப்பவர்களைக் கவனிக்கும் சகோதரிகள், வேலை குவிந்திருக்கும்போதே நேரத்தைக் கூட்டினார்கள்.

தமிழ்நாட்டில்

மிஷனரி எமி கார்மைக்கேல் 1901இல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூருக்கு வந்து, கோயில்களுக்கு விடப்பட்ட பெண்குழந்தைகளுக்குப் புகலிடம் அமைத்தார். குழந்தை வளர்ப்பு நாள்முழுதும் தின்னும் வேலை. 1916இல் அவர் தொடங்கிய பொதுவாழ்வுச் சகோதரியர் குழு, ஜெபமும் வாசிப்பும் அந்த வேலைக்குள் கரைந்துபோகாமல் காக்க முயன்றது. 1931இல் கீழே விழுந்து அடிபட்டபின் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை, அங்கிருந்தே எழுதினார். சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். கதராடை, மருத்துவப் பணி, திராவிடக் கோயில் பாணியில் ஒரு ஜெபாலயம். குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் மொன்ஷானின், ஆன்றி ல சோ என்ற இரு குருக்கள் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் மரியாளின் பக்கம் சாய்ந்தது.

இவற்றுக்கு வெளியே சாதாரண சபையில் கேள்வி வேறு விதமாக வருகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் பண்டிகை அசனம் என்ற பொதுவிருந்தன்று ஆராதனை நடக்கும்போதே கொப்பரைக்கு அருகே சிலர் நின்றாக வேண்டும். பிரசங்கம் அவர்களுக்கு ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும். வருடந்தோறும் அதே ஆட்கள் நிற்கிறார்களா, முறை மாறுகிறதா என்பதை ஒரு சபை கவனித்தாக வேண்டும்.

ஓவியத்திலும் நாட்காட்டியிலும்

டியேகோ வெலாஸ்கேஸ் 1618இல், இருபது வயதைத் தொடும் முன், வரைந்த மார்த்தாள் வீட்டு ஓவியம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. முன்னால் ஓர் இளம் பணிப்பெண் பித்தளை உரலில் எதையோ இடிக்கிறாள். மேசையில் நான்கு மீன்கள், இரண்டு முட்டைகள், பூண்டு, ஒரு வற்றல் மிளகாய். அவள் முகம் வாடியிருக்கிறது. ஒரு கிழவி அவளுக்குப் பின்னாலிருந்து விரல் நீட்டுகிறாள். இயேசுவும் சகோதரிகளும் வலது மூலையில் சிறிய சதுரத்துக்குள் தெரிகிறார்கள். அது திறப்பா, கண்ணாடியா, சுவரிலுள்ள படமா என்பது இன்றும் விவாதம். அடுக்களைக்கே பெரும்பங்கு கொடுத்தவர் வெலாஸ்கேஸ்.

கத்தோலிக்கத் திருச்சபையின் பொது நாட்காட்டியில் ஜூலை 29 நெடுங்காலம் மார்த்தாவுக்கு மட்டும் உரிய நினைவுநாளாக இருந்தது. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸின் ஒப்புதலோடு அது மார்த்தா, மரியா, லாசரு மூவருக்கும் உரிய ஒரே நாளாக மாற்றப்பட்டது.