லாச்சப்பல் வீதியும் ஓட்டுநர் இல்லாத வாகனமும்: 'டிஜிட்டல் இரட்டை' என்றால் என்ன?

பாரிஸ் நகரின் வடக்கே, கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள லாச்சப்பல், ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான கடைவீதி. பொருள் இறக்கும் வாகனங்கள், பேருந்துகள், மிதிவண்டிகள், நினைத்த இடத்தில் வீதியைக் கடக்கும் மக்கள் என நெரிசல் மிகுந்த இத்தகைய பகுதியில், ஓட்டுநர் இல்லாத வாகனம் ஒன்றைப் பாதுகாப்பாகச் செலுத்த முடியுமா?

இந்தக் கேள்விக்கு விடை காணப் பொறியாளர்கள் பயன்படுத்தும் முக்கியக் கருவிகளுள் ஒன்றுதான் 'டிஜிட்டல் இரட்டை'.

கணினிக்குள் ஒரு வீதி

உண்மையான பொருள் ஒன்றின் நகலைக் கணினியில் உருவாக்கி, அந்தப் பொருளிலிருந்து வரும் தகவல்களைக் கொண்டு நகலைத் தொடர்ந்து புதுப்பித்து வருவதே இத்தொழில்நுட்பத்தின் அடிப்படை. 1970இல் அப்போலோ 13 விண்கலம் பழுதடைந்தபோது, தரையிலிருந்த மாதிரிக் கலங்களில் ஒத்திகை பார்த்தே விண்வெளி வீரர்களை நாசா மீட்டது. இதை இக்கருத்தின் முன்னோடி என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கிரீவ்ஸ் 2002இல் இதைத் தொழிற்சாலைப் பொருட்களுக்கு ஏற்ற கோட்பாடாக முன்வைத்தார்.

வாகனத்துறையில் நகலெடுக்கப்படுவது கார் மட்டுமல்ல. அது ஓடும் வீதியும்தான். லேசர் கருவிகள் நடைபாதையின் விளிம்பு முதல் சமிக்ஞை விளக்கு வரை அளவெடுக்கின்றன. இணைய வசதி கொண்ட வாகனங்கள் வேகம், இடம் போன்ற விவரங்களை அனுப்புகின்றன. அந்தக் கணினி வீதியில் மழை, இருள், திடீரெனக் குறுக்கே ஓடும் குழந்தை எனப் பல சூழ்நிலைகளை யாருக்கும் ஆபத்தின்றிச் சோதிக்கலாம்.

இதற்கான தேவையை ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்கிட்டுக் காட்டியது. உயிரிழப்பு விஷயத்தில் தானியங்கி கார்கள் மனிதர்களுக்கு நிகரானவை என்று நிரூபிக்க, அவை சுமார் 44 கோடி கிலோமீட்டர் விபத்துச் சாவின்றி ஓட வேண்டும். நூறு கார்கள் இரவு பகலாக ஓடினாலும் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும்.

சுரங்கமும் சாலையும்

ஓட்டுநர் இல்லாத பயணம் பாரிஸுக்குப் புதிதல்ல. மெட்ரோவின் 14ஆம் வழித்தடம் 1998இல் அவ்வாறே தொடங்கப்பட்டது. 2012இல் 1ஆம் தடமும், பின்னர் கார் து நோர் வழியாகச் செல்லும் 4ஆம் தடமும் தானியங்கியாக மாற்றப்பட்டன. ஆனால் சுரங்கத்தில் தண்டவாளம் உண்டு; நடைமேடையில் தடுப்புக் கதவுகள் உண்டு. சாலையில் இவை எதுவும் இல்லை.

பிரான்ஸ் 2021இல் இயற்றிய விதிகளின்படி, உரிய நிபந்தனைகளுக்குள் தானியங்கி அமைப்பு வாகனத்தைச் செலுத்தும் நேரத்தில் நிகழும் தவறுக்கான குற்றவியல் பொறுப்பு ஓட்டுநரிடமிருந்து தயாரிப்பாளருக்கு மாறுகிறது. தானியங்கிப் போக்குவரத்துச் சேவைகள், தாம் ஓடவிருக்கும் தடத்திலோ பகுதியிலோ தமது பாதுகாப்பை முன்கூட்டியே நிரூபிக்கவும் வேண்டும். ஆகவே கணினியில் நடக்கும் ஒத்திகை எவ்வளவு நம்பகமானது என்பது சட்டத்துக்கும் முக்கியமான கேள்வியாகிறது.

நகலில் இல்லாதது

2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். காரிலிருந்த கண்காணிப்பாளர் சாலையைக் கவனிக்காததே முக்கியக் காரணம் என்றது அரசு விசாரணை. அதே விசாரணையில் மற்றொன்றும் தெரியவந்தது. மோதலுக்கு ஐந்து வினாடிகளுக்கு முன்னரே கருவிகள் அவரைக் கண்டிருந்தன. ஆனால், பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் மனிதர் குறுக்கே நடக்கக்கூடும் என்பதை மென்பொருள் கணக்கில் எடுக்கவில்லை.

லாச்சப்பலுக்கும் இதில் பாடம் உண்டு. அங்குள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர்த்திருவிழா ஆண்டுதோறும் கோடை முடிவில் நடைபெறுகிறது. அன்று வீதியில் தேர் வருகிறது, தேங்காய்கள் சிதறுகின்றன, பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். திருவிழா நாளில் வீதியை மூடிவிடலாம். ஆனால் அன்றாட லாச்சப்பலை மூட முடியாது.

கட்டடங்களை அளவெடுப்பது எளிது. மனிதர்களின் வழக்கத்தை அளவெடுப்பது கடினம். ஒரு வீதியில் வாழ்பவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பது பதிவாகாதவரை, கணினியில் கிடைக்கும் பாதுகாப்புச் சான்று அந்த வீதிக்கு முழுமையாகப் பொருந்தாது.