உடுவிலில் சாமிமார் இருந்த காலம்

 

போர்த்துக்கேயர் பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அவங்கள் கோட்டை மட்டுமோ கட்டினவங்கள்?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிக் கோட்டைவரை போகத் தேவையில்லை. இணுவிலில் இருந்து மருதனார்மடம் தாண்டினால் உடுவில்.

1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. பிரான்சிஸ்கன் சாமிமார் அதற்கு முன்பே இங்கு வந்துவிட்டார்கள். 1622இல் யேசு சபையார் வந்தார்கள். தொமினிக்கன் சபைக்கும் பட்டினத்தில் மடம் இருந்தது. ஐரோப்பாவில் மதிலுக்குள்ளேயே வாழ்ந்து மறையும் துறவிகள் ஒரு வகை. பிரான்சிஸ்கன், தொமினிக்கன் சபையினர் வேறு வகை: சனங்களுக்குள் இருந்து பிரசங்கம் செய்பவர்கள். இங்கிலாந்தின் பெரிய நகரங்களிலும் இவர்களுக்கு மடங்கள் இருந்தன. எட்டாம் ஹென்றி மன்னர் 1536 முதல் 1540 வரை எல்லா மடங்களையும் மூடினார். பல மடங்களின் கல்லைக்கூட ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

எங்கள் ஊர்களில் ஒரு தேவாலயம், பக்கத்தில் சாமியாருக்கு ஒரு வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு. உடுவில், மானிப்பாய், சங்கானை, பண்டத்தரிப்பு, வட்டுக்கோட்டை, மல்லாகம், தெல்லிப்பழை எல்லாம் அப்படித்தான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621இல் இடித்ததும் இதே ஆட்சிதான்.

1658 யூன் மாதம், மூன்று மாத முற்றுகைக்குப் பிறகு, கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை வந்தது. 1687இல் யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் இங்கு வந்து இறங்க வேண்டியிருந்தது. ஆனால் ஒல்லாந்தர் அந்தக் கட்டடங்களை இடிக்கவில்லை. அதே தேவாலயத்தில் தங்கள் புரட்டஸ்தாந்து ஆராதனையை நடத்தினார்கள், அங்கேயே பள்ளிக்கூடத்தையும் வைத்தார்கள். பால்டேயஸ் என்ற அவர்களின் போதகர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதிய புத்தகம் 1672இல் வெளிவந்தது. உடுவில் தேவாலயமும் அதில் இருக்கிறது.

1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழைக்கு வந்தபோது கூரை இல்லை, சுவர் நின்றது. திருத்தி அங்கேயே குடியேறிப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டையிலும் பழைய தேவாலயத்துக்குத் திரும்பக் கூரை போட்டார்கள். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வந்தது. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் உம்மாமாரைக் கேட்டால் சொல்வார்கள்.

1990 ஒக்டோபரில் வீடுவாசலை விட்டுப் போன சமூகம் நாங்கள். திரும்பி வந்தபோது கூரை இல்லாமல் நின்ற சுவர்களைப் பார்த்தவர்கள். அதனால்தானோ என்னவோ, தெல்லிப்பழைக் கதையை வாசிக்கும்போது அது மூன்று சமயத்தவருக்கு நடந்த கதையாகத் தெரியவில்லை.

சங்கானையில் பழைய தேவாலயத்தின் முருகைக்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. தொல்லியல் திணைக்களம் பாதுகாக்கும் இடம். வருகிற சனிக்கிழமை பிள்ளைகளோடு போகிறோம். பெற்றோரும் வரலாம். சுவரில் பேர் கிறுக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி அனுப்புங்கள்.