தகட்டின் துளை: இளையோர் படகுப் பந்தயமும் சிறு அவுட்போர்டு மோட்டாரும்

படகின் பின்பலகையில் வெளிப்புறமாகத் திருகிப் பொருத்தி, வேண்டாதபோது கழற்றி எடுத்துச் செல்லத்தக்க விசைப்பொறியே அவுட்போர்டு மோட்டார் எனப்படுகிறது. எஞ்சினும், அதிலிருந்து நீருக்குள் இறங்கும் தண்டும், அடியிலுள்ள பற்சக்கரப் பெட்டியும், உந்துவிசிறியும் ஒரே உடலாக அமைந்திருப்பதால், மோட்டாரைத் திருப்பினாலே படகு திரும்பும். தனிச் சுக்கான் வேண்டியதில்லை. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறனும் ஏறத்தாழ 28 கிலோ எடையும் கொண்டிருந்தது. 1922இல் சந்தைக்கு வந்த ஜான்சன் சகோதரர்களின் மோட்டாரோ இரண்டு குதிரைத்திறனைத் தந்தும் 16 கிலோவைத் தாண்டவில்லை. இந்த எடைக்குறைப்புதான் மோட்டார்படகுப் பந்தயத்தைப் பெருஞ்செல்வர் கையிலிருந்து எளியோர் பக்கம் நகர்த்தியது.

இவ்வரலாற்றைத் திறன் வளர்ந்த கதையாகவே எழுதுவது வழக்கம். இளையோர் பந்தயத்தைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். மறுபாதி, திறன் எவ்வாறு அடக்கப்பட்டது என்பதாகும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மெர்க்குரி நிறுவனம் 10 குதிரைத்திறன் என்று குறித்து விற்ற மோட்டார், குறித்ததைவிடக் கூடுதலான விசையைத் தந்ததால் பந்தயக்காரர் அதனை நாடினர். அக்காலத்திலேயே, தொழிற்சாலையிலிருந்து வந்த மோட்டாரை மாற்றியமைக்காமல் ஓட்டவேண்டும் என்ற ‘ஸ்டாக்’ பிரிவும் அமெரிக்காவில் வேரூன்றியது. எஞ்சினைச் செதுக்கிச் சீரமைக்கப் பணமில்லாதவரும் வெல்லலாம் என்பதே இவ்விதியின் உட்கிடை.

ஒன்பது வயதிலேயே களமிறங்கும் சிறாருக்காக அமெரிக்க மோட்டார்படகுக் கழகம் வகுத்த ‘ஜே’ பிரிவு இவ்விதியை மேலும் இறுக்கியது. கார்புரேட்டர் என்பது காற்றையும் எரிபொருளையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் உறுப்பு; அக்கலவை செல்லும் வழியில் சிறு துளையிட்ட உலோகத் தகடு ஒன்று வைக்கப்பட, துளையின் அளவுக்கு மேல் எஞ்சின் மூச்சு வாங்க இயலாது போகிறது. சிறுவன் வளர்ந்தபின் தகட்டை மாற்றினாலோ அகற்றினாலோ போதும். அதே மோட்டார் அடுத்த பிரிவுக்கு உரியதாகிவிடும். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்துவிடும் சட்டையைப் போன்ற இவ்வேற்பாடு, பெற்றோரின் செலவைக் குறைத்தது என்பதாலேயே சிறப்பாகக் கருதத்தக்கது. மோட்டாரையும் ஓட்டுநரையும் இணைக்கும் நிறுத்துகயிறும் இங்கு இன்றியமையாதது. சிறுவன் நீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு மின்பொறி அறுந்து எஞ்சின் நின்றுவிடும்.

ஜப்பானில் 1952 ஏப்ரலில் ஓமுராவில் தொடங்கிய படகுப் பந்தயம் பெரியோருக்கானது, பந்தயப் பணம் புழங்குவது. எனினும் ஓட்டுநருக்கு மோட்டாரைக் குலுக்கல் முறையில் வழங்கும் அதன் வழக்கம் இதே சமன்மைக் கொள்கையின் எல்லை எனலாம். 1922இல் தோன்றிய சர்வதேச மோட்டார்படகுக் கூட்டமைப்பு சிறாருக்காக நடத்தும் ‘ஃபார்முலா ஃபியூச்சர்’ போட்டியோ, மிதவைகளைச் சுற்றிப் படகை வளைத்துச் செலுத்தும் கைத்திறனுக்கே முதன்மை தருகிறது.

தமிழகத்தில் இதே அளவு மோட்டார் விளையாட்டாக வரவில்லை, பிழைப்பாக வந்தது. இழுவைமடிப் படகுகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க முடியாத குமரி மாவட்ட மீனவர் 1980களில் மோட்டாரை நாடியபோது, மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரத்தில் அதனைப் பொருத்த ஏற்ற பின்பலகையே இல்லை. முட்டத்திலிருந்த படகு கட்டும் மையத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே உள்ளூர்த் தச்சரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைக் கலங்களை வடிவமைத்த முயற்சியை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும். எட்டு முதல் பத்துக் குதிரைத்திறன் வரையிலான அம்மோட்டார்கள் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. அங்கே எவரும் தகடு வைக்கவில்லை. கரைக்கு முந்தி வந்த மீனுக்கே நல்ல விலை என்பதால், மோட்டார் தரும் விசை முழுவதும் தேவைப்பட்டது. உலகப் பந்தயங்களின் உயர்பிரிவுகளில் ஓடும் இரட்டையுடல் படகு ‘கேட்டமரான்’ என்று தமிழ்க் கட்டுமரத்தின் பெயரையே தாங்கியிருப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. விஜயவாடாவில் கிருஷ்ணை ஆற்றில் 2018 நவம்பரில் நடந்த ஃபார்முலா 1 படகுப் பந்தயத்தில் ஏறத்தாழ 400 குதிரைத்திறன் கொண்ட அத்தகைய படகுகளே சீறின. அடிப்படியில் நிற்கும் சிறுவனுக்கு அக்காட்சி வியப்பைத் தரலாமேயன்றிப் பயிற்சியைத் தராது.

அடிப்படிக்கு வேண்டியது அலையற்ற, கரை தெரியும் நீர்ப்பரப்பு. தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றி அத்தகைய நீர் இருக்கிறது. ஆனால் அது விளையாட்டுக்கென்று தேக்கப்பட்டதன்று. 1895இல் முல்லைப்பெரியாறு அணை தேக்கிய ஏரி இன்று தேக்கடியில் புலிகள் காப்பகத்தின் நடுவே கிடக்க, அதன் நீர் மலையைக் குடைந்து வந்து பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கும் குடிநீருக்கும் ஆகிறது. ஆண்டிபட்டி அருகே 1959இல் எழுந்த வைகை அணையின் நீரோ மதுரை வரை குடிநீராகிறது. பந்தயத்தை வளர்த்த இருவீச்சு எஞ்சினில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே எரிக்கவேண்டும். பழைய வகைகளில் எரிபொருளின் கால்பங்கு வரை எரியாமலே நீரில் கலந்தது. அமெரிக்கா 1996இல் வகுத்த மாசு விதிகள் 1998 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின் அவ்வகை மோட்டார்கள் அங்குச் சந்தையிலிருந்து மறையத் தொடங்கின. சிறார் பந்தயக்காரர் பழைய மோட்டார்களைச் செப்பனிட்டுக் காக்க நேர்ந்ததும் அதனால்தான்.

ஆகவே இப்பள்ளத்தாக்கின் பிள்ளைகள் படகோட்டப் பழகும் காலம் வருமாயின், எண்ணெய் கசியாத மின்கல மோட்டாரைத் தவிர வேறொன்றை இந்நீரில் இறக்குவது முறையாகாது. அதில் கார்புரேட்டரும் இல்லை, தகடும் இல்லை. மின்னோட்டத்தை அளந்துவிடும் கட்டுப்பாட்டுக் கருவியில் பயிற்சியாளர் குறித்துவைக்கும் உச்சவரம்பே அத்துளையின் வேலையைச் செய்யும்.