துறைமுகத்தின் பின்னே ஓர் உற்பத்தி நகரம்: ஃபோஷானின் தொழில் வரலாறு

முன்னுரை

தமிழகத்திற்கும் சீனத்திற்கும் இடையே நிலவிய தொடர்புகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மூவகைச் சான்றுகளை அடிப்படையாகக் கொண்டு அமைந்துள்ளன. சோழ அரசர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோங் அரசவைக்கு அனுப்பிய தூதுக்குழுக்களைப் பற்றிய சீன வரலாற்றுக் குறிப்புகள் ஒருவகை. சுவான்சௌ நகரில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு மற்றொரு வகை. தமிழகக் கடற்கரை ஊர்களில் கிடைத்துள்ள சீனப் பீங்கான் ஓடுகளும் காசுகளும் மூன்றாவது வகை. இம்மூன்றும் அரசனையும் வணிகனையும் துறைமுகத்தையும் முன்னிறுத்துவன. கப்பலில் ஏறிய பொருள் எங்கே, யாரால், எவ்வாறு செய்யப்பட்டது என்னும் வினா இவ்வாய்வுகளில் அரிதாகவே எழுந்துள்ளது.

தமிழக வரலாற்றிலும் இவ்விடைவெளி நெடுங்காலம் இருந்தது. பட்டினப்பாலை புகார்த் துறையில் குவிந்த பண்டங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றை ஆக்கியோரின் ஊர்களைப் பற்றி அறிய நமக்குக் கொடுமணல் அகழாய்வு தேவைப்பட்டது. நொய்யல் கரையில் இரும்பு உருக்கிய உலைகளும் மணி கோத்த பட்டறைகளும் வெளிப்பட்ட பின்னரே முசிறியின் வணிகத்திற்கு ஓர் உள்நாட்டுப் பின்புலம் கிடைத்தது. அதே நோக்கில், தென்சீனத்தின் குவாங்சௌ துறைமுகத்திற்குப் பின்புலமாக நின்ற ஃபோஷான் என்னும் தொழில் நகரின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நகரின் அமைவும் பெயரும்

சீனாவின் குவாங்டொங் மாநிலத்தில் முத்து ஆற்றின் கழிமுகச் சமவெளியில், குவாங்சௌவிற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் ஃபோஷான் அமைந்துள்ளது. மக்களின் பேச்சுமொழி கண்டோனியம். பழைய ஐரோப்பியப் பதிவுகளில் காணப்படும் ‘ஃபட்ஷான்’ என்னும் வடிவம் அம்மொழியின் ஒலிப்பைத் தழுவியது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சான்செங், நான்ஹாய், சுண்டே, சான்சுய், காவ்மிங் ஆகிய ஐந்து மாவட்டங்களையும் உள்ளடக்கிய இம்மாநகரில் ஏறத்தாழ 95 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர்.

‘ஃபோஷான்’ என்பதற்குப் ‘புத்தர் குன்று’ என்பது பொருள். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசுமீரப் பகுதியிலிருந்து வந்த தர்மயசர் என்னும் துறவி இவ்விடத்தில் அறம் உரைத்தார் என்றும், 628இல் இங்குள்ள மேடொன்றில் மூன்று வெண்கலப் புத்தர் உருவங்கள் கண்டெடுக்கப்பட்டமையால் இப்பெயர் ஏற்பட்டது என்றும் ஊர் வழக்கு கூறுகிறது. இவ்வழக்கின் வரலாற்று உண்மை எதுவாயினும், ஊரின் பெயருக்கு இந்தியத் தொடர்பு கற்பிக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது. ஆயினும் ஃபோஷானின் புகழுக்குக் காரணம் வழிபாடன்று, உலைக்களமே ஆகும்.

இரும்பு: நெருப்பின் ஊரும் நீரின் தெய்வமும்

மிங், சிங் ஆட்சிக் காலங்களில் சீனாவின் ‘நான்கு பேரூர்கள்’ என ஹன்கௌ, ஜிங்தெசென், ஜூசியன்சென் ஆகியவற்றோடு ஃபோஷானும் வைத்து எண்ணப்பட்டது. இந்நான்கும் அரசின் தலைமையிடங்களாக அமைந்து உயர்ந்தவையல்ல. வணிகத்தாலும் தொழிலாலும் வளர்ந்தவை. ஃபோஷானில் இதனை மிகத் தெளிவாகக் காணலாம். மதில் சூழ்ந்த நிர்வாக நகரமாக அது இருந்ததில்லை. நான்ஹாய் வட்டத்திற்கு உட்பட்ட ஊர்த்தொகுதியாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. துணை ஆட்சியர் ஒருவர் அங்கு அமர்த்தப்பட்டது 1733இல்தான். அதற்கு முன்னும் பின்னும் ஊரின் பொது அலுவல்களில் பெரும்பகுதியை உள்ளூர்க் குடித்தலைவர்களும் வணிகர்களும் ‘மூதாதையர் கோயில்’ எனப்படும் சூமியாவை மையமாகக் கொண்டு நடத்தினர். இந்நிலையைக் கருத்திற்கொண்டே வரலாற்றாய்வாளர் டேவிட் ஃபோர், 1990இல் வெளியிட்ட கட்டுரையில், ஃபோஷானை நகராக்கியது எது என்னும் வினாவையே தலைப்பாக வைத்தார்.

சூமியாவின் தோற்றம் சோங் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைத்துக் கூறப்படுகிறது. அங்கு எழுந்தருளியிருப்பவர் பெய்தி என்னும் வடதிசைத் தெய்வம். அவர் நீருக்குரியவர். வெள்ளம் சூழும் கழிமுகத்தில், இரவும் பகலும் உலை எரியும் ஊரில், நீரின் தெய்வம் தலைமைத் தெய்வமானது இயல்பே. 15ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்ட அத்தெய்வத்தின் வெண்கலத் திருமேனி ஏறத்தாழ 2,500 கிலோ எடையுடையது. 1449இல் ஹுவாங் சியாவ்யாங் தலைமையில் எழுந்த கிளர்ச்சிப்படை ஊரைச் சூழ்ந்தபோது, ஊரார் தாமே மரவேலி அமைத்துக் காவல் புரிந்தனர்; உருக்கிய இரும்பைப் பகைவர்மேல் வீசினர் என்றும் கூறப்படுகிறது. அதன்பின் அக்கோயில் பேரரசின் ஏற்பைப் பெற்றது.

ஃபோஷானில் இரும்புக் கனி இல்லை. குவாங்டொங்கின் மலைப்பகுதிகளில் உருக்கிய வார்ப்பிரும்பு ஆற்றுவழியாக இங்கு வந்து சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் அறிஞர் சூ தாஜுன் ‘குவாங்டொங் புதுச்செய்திகள்’ என்னும் பொருள்படும் தம் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். ஃபோஷான் சட்டிகள் மெலிந்தும் வழவழப்பாகவும் உறுதியாகவும் இருந்தமையால் தொலைநாட்டுச் சந்தைகளிலும் அவற்றை மக்கள் இனங்கண்டு கொண்டனர் என்றும், அண்டையூர்ச் சட்டிகள் எளிதில் உடைவன ஆதலால் விலை குறைந்தன என்றும் அவர் குறிப்பிடுகிறார். மூலப்பொருள் பிற இடங்களுக்கும் உரியதே. களிமண் அச்சில் மெல்லிய சுவராக இரும்பை வார்க்கும் கைத்திறனே ஃபோஷானுக்குரியது என்பது இதனால் புலனாகும்.

சட்டிகளின் ஏற்றுமதி அளவை அறிய 1731ஆம் ஆண்டு அரசு ஆவணம் ஒன்று உதவுகிறது. குவாங்டொங் அதிகாரி யாங் யொங்பின் யொங்செங் பேரரசருக்கு எழுதிய முறையீட்டின்படி, குவாங்சௌவிலிருந்து சென்ற அயல்நாட்டுக் கப்பல்களில் இரும்புச்சட்டி வாங்காதவை பத்தில் ஒன்றிரண்டே. ஒரு கப்பல் 100 கட்டு முதல் 1,000 கட்டு வரை வாங்கியது. ஒரு கட்டின் எடை ஏறத்தாழ 20 ஜின். எனவே 1,000 கட்டு ஏற்றிய கப்பலில் 20,000 ஜின் இரும்பு, அதாவது இன்றைய அளவில் சுமார் 12 டன், நாட்டைவிட்டு வெளியேறியது. சட்டியை உருக்கிப் படைக்கலம் செய்வர் என்னும் அச்சத்தால் அரசு இவ்வேற்றுமதியைத் தடை செய்தது. அடுப்பில் ஏறும் கலன் ஒன்று அரசின் பாதுகாப்புச் சிக்கலாக மாறியதை இவ்வாவணம் காட்டுகிறது.

இவ்விடத்தில் தமிழ்ச் சொல் ஒன்று நினைவுகூரத்தக்கது. சீனி, சீனக்காரம், சீனப்பட்டு ஆகிய சொற்களோடு ‘சீனச்சட்டி’ என்பதும் தமிழில் வழங்குகிறது. மலையாளத்திலும் அச்சொல் உண்டு. இச்சொல்லை மட்டும் கொண்டு நம் சமையலறைக் கலனின் பிறப்பிடம் ஃபோஷான் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. ஆனால் தென்சீனக் கடலில் 1987இல் கண்டறியப்பட்டு 2007இல் மேலே கொணரப்பட்ட ‘நான்ஹாய் 1’ என்னும் சோங் காலக் கப்பலில் பீங்கானோடு இரும்புச்சட்டிகளும் அடுக்கப்பட்டிருந்தன. ஆதலின் சீன வார்ப்புச்சட்டி நெடுங்காலக் கடல் வணிகப் பண்டம் என்பதும், அதன் நினைவை நம் மொழி காத்து வைத்துள்ளது என்பதும் ஐயமற்றவை.

மண்: அணையாத சூளை

இரும்புக்கு அடுத்து ஃபோஷானின் அடையாளம் மட்கலத் தொழில். நகரை அடுத்த சிவான் பகுதியில் உள்ள நான்ஃபெங் சூளை, மிங் பேரரசர் செங்தெவின் காலத்தில் (1506–1521) கட்டப்பட்டது. சரிவில் நீண்டு கிடக்கும் அமைப்பால் இது ‘நாகச்சூளை’ வகையைச் சேர்ந்தது. அடியில் மூட்டிய தீயின் வெப்பம் சரிவின் வழியே மேலேறுவதாலும், முதுகிலுள்ள துளைகள் வழியே எரிபொருள் இடப்படுவதாலும் நெடுஞ்சூளை முழுவதும் வெப்பம் பரவுகிறது. ஐந்து நூற்றாண்டுகளாக இச்சூளை பயன்பாட்டில் உள்ளது. குடம், சாடி முதலிய அன்றாடக் கலன்களோடு கோயில் கூரை முகட்டில் நிறுத்தப்படும் நாடக உருவங்களையும் சிவான் கைவினைஞர் செய்தனர். அவை கடல் கடந்து சென்று, கண்டோனியர் குடியேறிய வியட்நாம் போன்ற நாடுகளின் கோயில்களிலும் இடம்பெற்றன.

தொழிலாளர் அமைப்பிலும் ஃபோஷான் தனித்தன்மை உடையது. தொழிற்குழுக்கள் பல, ‘கிழக்கு இல்லம்’ என உரிமையாளர் குழுவாகவும் ‘மேற்கு இல்லம்’ எனப் பணியாளர் குழுவாகவும் பிரிந்திருந்தன. கூலி பற்றிய பேச்சு இவ்விரு குழுக்களுக்கிடையே நிகழ்ந்தது. ஆலைகள் தோன்றுவதற்கு முன்னரே முதலும் உழைப்பும் தனித்தனி அணிகளாகத் தம்மை அமைத்துக் கொண்டமைக்கு இது சான்றாகும்.

பட்டு: இயந்திரமும் பெண்களும்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் துறைமுகங்கள் மேலை வணிகத்திற்குத் திறக்கப்பட்ட பின், இறக்குமதியான ஆணியும் கம்பியும் ஊசியும் ஃபோஷானின் இரும்புத் தொழிலை நலியச் செய்தன. அதே காலத்தில் சுற்றியுள்ள நான்ஹாய், சுண்டே பகுதிகளில் பட்டுத்தொழில் ஓங்கியது. இதற்கு அடிப்படை அப்பகுதியின் வேளாண்முறை. தாழ்நிலத்தைத் தோண்டிக் குளமாக்கி, அம்மண்ணால் கரை உயர்த்தி, கரையில் முசுக்கொட்டை வளர்த்தனர். இலை பட்டுப்புழுவிற்கும், புழுக்கழிவு மீனுக்கும், குளத்துச் சேறு மீண்டும் முசுக்கொட்டைக்கும் உணவாயின.

வியட்நாமில் வணிகம் செய்து திரும்பிய சென் சியுவான் 1870களின் தொடக்கத்தில் நான்ஹாயில் உள்ள தம் சிற்றூரில் நீராவியைப் பயன்படுத்தும் பட்டுநூற்பாலை ஒன்றை நிறுவினார். சீனர் ஒருவர் நிறுவிய முதல் நீராவிப் பட்டுநூற்பாலையாக இது மதிக்கப்படுகிறது. ஆலை நூல் ஏற்றுமதிக்கு உகந்தது. கைத்தறி நெசவாளர்க்கோ கூடும் நூலும் கிட்டாத நிலை உருவாயிற்று. 1881இல் கூட்டின் விளைச்சல் குறைந்தபோது நெசவாளர் திரண்டு ஆலையொன்றைத் தாக்கினர். வட்ட ஆட்சியர் ஆலைகளை மூட ஆணையிட்டார். சென் தம் ஆலையை மக்காவிற்கு மாற்றிச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே திரும்பினார். நெசவாளரை வெறும் புதுமை எதிர்ப்பாளர் எனக் கொள்வது சரியன்று. தம் தறிக்குரிய நூல் கண்முன்னே வேறு வழியில் செல்வதை அவர்கள் எதிர்த்தனர்.

நூற்பாலைகளில் பணிபுரிந்தோர் பெண்கள். சொந்த வருவாய் பெற்ற அவர்களுள் பலர், திருமணத்தின்போது பிறர் செய்விக்கும் கூந்தல் முடிப்பைத் தாமே செய்துகொண்டு, மணம் புரியாது வாழ உறுதி பூண்டனர். ‘தாமே கூந்தல் முடித்தோர்’ என அவர்கள் அழைக்கப்பட்டனர். 1930களில் உலகப் பொருளாதார மந்தத்தால் பட்டு வணிகம் சரிந்தபோது, அவர்களுள் பலர் சிங்கப்பூர் முதலிய இடங்களுக்குச் சென்று வீட்டுப் பணிப்பெண்களாயினர். 1950களில் அவர்கள் அனுப்பிய பணத்தால் சுண்டேயின் ஜுனான் ஊரில் ‘பிங்யூதாங்’ என்னும் இல்லம் எழுந்தது. பிறந்த வீட்டில் இறக்கும் உரிமை மணமாகாத பெண்ணுக்கு மறுக்கப்பட்ட வழக்கமே இத்தகைய இல்லத்தைத் தேவையாக்கியது. ஆலை தந்த தன்னுரிமைக்கு ஊர் விதித்த விலையை இவ்வில்லத்தில் காணலாம்.

1978க்குப் பின்

1978இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தம் ஃபோஷானின் சிற்றூர்களில் உறங்கிய தொழில் மரபை மீண்டும் எழுப்பியது. 1968இல் சுண்டேயின் பெய்ஜியாவ் ஊரில் ஹ சியாங்ஜியான் என்பவரும் ஊரார் 23 பேரும் 5,000 யுவான் திரட்டி, நெகிழிக் குப்பி மூடிகள் செய்யத் தொடங்கிய சிறு பட்டறையே பின்னாளில் ‘மிதேயா’ நிறுவனமாயிற்று. அது 1980இல் மின்விசிறியும் 1985இல் அறைக் குளிரூட்டியும் செய்யலாயிற்று. 2017இல் ஜெர்மனியின் ‘கூகா’ எந்திர மனித நிறுவனத்தைத் தன்வயமாக்கியது. வாத்து இறகு பதப்படுத்தும் தொழிலில் 1978இல் தொடங்கிய ‘கலான்ஸ்’, 1992இல் நுண்ணலை அடுப்பிற்கு மாறியது. சிவானின் களிமண் மரபு பீங்கான் தள ஓடுகளின் பெருந்தொழிலாக விரிந்தது. 2019இல் மாநகரின் ஆண்டு உற்பத்தி மதிப்பு ஓர் இலட்சம் கோடி யுவானைக் கடந்தது.

இவ்வளர்ச்சிக்கும் விலை உண்டு. ஓட்டுச் சூளைகளின் புகை காற்றைக் கெடுத்தமையால் 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல சூளைகள் மூடப்பட்டன அல்லது பிற பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. முசுக்கொட்டைக் கரைகள் பலவற்றின்மேல் ஆலைகள் எழுந்தன. 2010 மே மாதம் நான்ஹாயில் உள்ள ஹோண்டா உதிரிப்பாக ஆலையில் ஏறத்தாழ 1,800 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம் வயதினர். தொழிலாளர் தம் பேராளரைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் கோரிக்கையும் அப்போது எழுந்தது. ‘மேற்கு இல்லம்’ எழுப்பிய வினா புதிய வடிவில் மீண்டும் எழுந்தது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஃபோஷானின் வளர்ச்சி கனிவளத்தாலோ அரசுத் தலைமையிடத்தாலோ விளைந்ததன்று. கைத்திறனும் ஊரார் அமைப்பும் அதற்கு அடிப்படை. இரண்டு, இரும்பு நலிந்தபோது பட்டும், பட்டு சரிந்து சில பத்தாண்டுகள் கழிந்தபின் வீட்டு மின்கருவிகளும் என அந்நகரம் பொருளை மாற்றிக்கொண்டதே அன்றித் தொழிலைக் கைவிடவில்லை. மூன்று, ஒவ்வொரு மாற்றத்தின் சுமையும் நெசவாளர், பட்டுநூல் நூற்ற பெண்கள், இன்றைய ஆலைத் தொழிலாளர் ஆகியோர் மேலேயே விழுந்துள்ளது. துறைமுகப் பதிவேடுகளில் அவர்களின் பெயர் இல்லை.

தமிழ் – சீனத் தொடர்பாய்வு இனித் தூதுக்குழுவையும் கல்வெட்டையும் கடந்து உற்பத்தி ஊர்களை நோக்கி நகர வேண்டும். அதற்குத் தொல்பொருள் சான்றோடு சொற்சான்றும் துணைசெய்யும். வட்டார வழக்குகளில் வழங்கும் கலன், கருவி, துணி ஆகியவற்றின் பெயர்களைத் தொகுத்து, அவை குறிக்கும் பொருளின் வடிவத்தையும் வார்ப்பு முறையையும் உடன் பதிவு செய்தல் தமிழ்த் துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். வார்ப்பிரும்புச் சட்டிகள் வீடுகளிலிருந்து மறைந்து வரும் இக்காலத்தில், அவற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய முதியோர் இருக்கும்போதே இப்பணி நடைபெறுதல் வேண்டும்.