அலிப்பூர்: பெயரும் வரலாறும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், டோலி நாலா என்னும் நீர்வழியை அடுத்து அமைந்துள்ள அலிப்பூர், அந்நகரின் பெருஞ்செல்வர் வாழும் பகுதிகளுள் ஒன்றாகும். வடபகுதியிலுள்ள படாபஜாரைப் போல இது கடைத்தெருவிலிருந்து வளர்ந்ததன்று. ஆள்வோர் தங்கியதால் மாளிகைகள் எழுந்தன. மாளிகைகள் இருந்ததால் செல்வர் பின்னர் வந்து சேர்ந்தனர். இவ்வரலாற்றை இங்குள்ள பெயர்களைக் கொண்டே ஓரளவு மீட்டுரைக்க இயலும்.

அலிப்பூர் என்று எழுதக் காணும் தமிழர்க்கு அதன் ஈற்றில் 'ஊர்' நிற்பதாகத் தோன்றுதல் இயல்பே. அது மயக்கம். வங்காளியர் ஆலிபுர் என்றே வழங்குவர். 'புர' என்னும் வடசொல் ஈற்றுயிர் கெட்டு அவ்வாறு நின்றது. வேலூர், தஞ்சாவூர் ஆகியவற்றின் ஈற்றுக்கு ஆங்கிலேயர் எந்த எழுத்துகளைக் கையாண்டனரோ அவற்றையே 'புர்' என்பதன் ஈற்றுக்கும் கையாண்டமையால், வேறுபட்ட இரு சொற்கள் ஆங்கில எழுத்தில் ஓருருவாயின. வங்க வழக்கின் முதல் ஆகாரம் தமிழில் அகரமானதும் ஆங்கில எழுத்தின் வழிப்பட்டதே எனலாம்.

பெயரின் முற்பகுதி குறித்து இரு கருத்துகள் உள்ளன. 1756 ஜூனில் கல்கத்தாவைக் கைப்பற்றிய சிராஜுத்தௌலா, நகருக்கு அலிநகர் எனப் பெயரிட்டான். 1757 பிப்ரவரி 9ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கை அலிநகர் உடன்படிக்கை என்றே பெயர் பெற்றது. நகரப் பெயர் மறைந்தபின் அதன் எச்சமே அலிப்பூர் என்பது ஒரு கருத்து. 1760இல் நவாபுப் பதவியிலிருந்து நீக்கப்பட்டுக் கல்கத்தாவிற்கு வந்து தங்கிய மீர் ஜாஃபர் அலிகானின் பெயரால் அமைந்தது என்பது மற்றொன்று.

முதற்கருத்து வலுவுடையதாகத் தோன்றவில்லை. அலிநகர் என்பது நகர் முழுமைக்கும் இடப்பட்ட பெயர். அது ஒரு மூலைக்கு மட்டும் சுருங்கியதற்கும், 'நகர்' என்பது 'புர்' ஆனதற்கும் தனித்தனியே காரணம் காட்டல் வேண்டும். இரண்டாவதிலும் தடையுண்டு. முர்ஷித் குலிகானின் பெயரால் முர்ஷிதாபாத் அமைந்தது போல, முதற்பெயரே ஊருக்கு வருதல் பெருவழக்கு. அவ்வாறாயின் ஜாஃபர்பூர் என்றன்றோ அமைந்திருக்கும்? எனினும் வட வங்கத்து அலிப்பூர்துவார், ஹிதாயத் அலி என்னும் படைத்தலைவர் பெயரால் அமைந்தது என்பர். அங்குப் பிற்பெயரே நின்றது. தில்லியின் வடபுறத்தும் பாகிஸ்தானியப் பஞ்சாபிலும் அலிப்பூர்கள் உள்ளமையை நோக்கின், எந்த நவாபையும் சாராத பொதுப்பெயராகவும் இஃது இருக்கலாம். வழிகாட்டி நூல்கள் மீர் ஜாஃபரின் பெயரை ஐயமின்றி எழுதுவது சான்றை மிஞ்சிய துணிவே. இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டுமெனின் அதுவே ஏற்புடையது.

ஆங்கிலேயர் இட்ட பெயர்களில் இவ்வையத்திற்கு இடமில்லை. பெல்வெடியர் என்பது 'அழகிய காட்சி' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல். அம்மாளிகை வாரன் ஹேஸ்டிங்ஸிடமிருந்து 1780இல் டோலி என்னும் படை அதிகாரியின் கைக்கு மாறியது. கங்கையின் பழைய போக்கைத் தூர்வாரி நீர்வழியாக்கியவர் இவரே. டோலி நாலா, டோலிகஞ்ச் இரண்டும் இவர் பெயர் தாங்கியவை. அவ்வாண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் விடியற்பொழுதில் தலைமை ஆளுநர் ஹேஸ்டிங்ஸும் அவர்தம் ஆட்சிக்குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிசும் பெல்வெடியரை அடுத்த சாலையில் கைத்துப்பாக்கி ஏந்திப் பொருதனர். பிரான்சிஸ் காயமுற்று உயிர் பிழைத்தார். ஓர் அரசின் உயர் அதிகாரிகள் இருவர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நிகழ்ச்சி டூயல் அவென்யூ என்னும் தெருப்பெயராக நிலைத்தது விந்தையே.

1854 முதல் பெல்வெடியர் வங்காளத் துணைநிலை ஆளுநரின் உறைவிடமாயிற்று. அதற்கு எதிரே 1876இல் விலங்குக் காட்சிச்சாலை அமைந்தது. இருபத்துநான்கு பர்கானா மாவட்டத்தின் தலைமையிடமாகையால் நீதிமன்றமும் சிறையும் இங்கேயே இருந்தன. தோட்ட மதிலும் சிறை மதிலும் ஒரே பகுதியில் நின்றன என்பது கருதத்தக்கது.

தமிழ்நாட்டில் அலிப்பூர் என்னும் பெயர் பரவியது மாளிகைகளால் அன்று. 1908ஆம் ஆண்டின் வெடிகுண்டு வழக்கினாலேயே. மே 2ஆம் நாள் கைதான அரவிந்தர் ஓராண்டு இங்குச் சிறையிருந்தார். வழக்கை உசாவிய நீதிபதி பீச்கிராஃப்ட், அரவிந்தருடன் ஒரே காலத்தில் ஐ.சி.எஸ். தேர்வு எழுதியவர். சித்தரஞ்சன் தாஸ் வாதாட, 1909 மே 6 அன்று அரவிந்தர் விடுதலை பெற்றார். 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1934இல் நேருவும் அலிப்பூர் மத்தியச் சிறையில் இருந்தார். அம்மத்தியச் சிறை 2019இல் மூடப்பட்டு, 2022இல் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

1912இல் தலைநகர் தில்லிக்கு மாறியது. வங்காளத்திற்குத் துணைநிலை ஆளுநருக்கு மாற்றாக ஆளுநர் வந்தார். பெல்வெடியர் தன் பழைய பணியை இழந்தது. சமீன்தார்களும் மார்வாரி வணிகர்களும் குடிபுகுந்ததனால் அலிப்பூரின் செல்வநிலை குன்றவில்லை. விடுதலைக்குப்பின் இதன் தெற்கே திட்டமிட்டு எழுந்த குடியிருப்பும் புது அலிப்பூர் என்றே பெயர் பெற்றது. இடத்தின் பெயர் இங்கு மதிப்பின் பெயராகிவிட்டமை தெளிவு.

பெல்வெடியரின் வாயில் பொதுமக்களுக்குத் திறந்தது 1953 பிப்ரவரி 1ஆம் நாள். இம்பீரியல் நூலகம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய நூலகமாகி இம்மாளிகையில் இடம்பெற்றது. மௌலானா ஆசாத் திறந்து வைத்தார். ஆளுநர்கள் விருந்தயர்ந்த வளாகத்தில் வங்காளத்து மாணவர்கள் படிக்கலாயினர். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளையின் சொந்த நூற்றொகுதி, ஏறத்தாழ 3,000 நூல்களும் கையெழுத்துப் படிகளுமாக, இந்நூலகத்தையே அடைந்தது. சொல்லுக்கும் காலத்திற்கும் சான்று கேட்ட அவ்வறிஞரின் நூல்களை நாடி வருவோர் இன்றும் பெல்வெடியர் சாலை வழியாகவே உள்ளே செல்கின்றனர்.